கடல்கோளில் மூழ்கிய படை: புட்டி உதிர்கிறது, நிறங்கள் ஒன்றோடொன்று கலங்குகின்றன

அலைக்கோட்டை:

வணக்கம். கடல்கோளில் மூழ்கிய ஒரு கோட்டையின் காவலர்கள், பல நூறு ஆண்டுகள் கழித்துக் கடல் உள்வாங்கிய ஒரு விடியலில் ஆயுதங்களோடு கரையேறி வருகிறார்கள். மேசை ஆட்டத்திற்காக நான் கட்டிவரும் சிற்றுருவப் படையின் கதை இவ்வளவுதான். இரண்டு ஆண்டுகளாக இந்தக் காட்சி மனத்தை விட்டு அகலாததால், ஆயத்தமாகக் கிடைக்கும் பிணப்படை ஒன்றை வாங்கி அப்படியே வண்ணம் பூசி நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. எலும்புக்கூட்டு வீரர்களின் பெட்டிகளையும் மனிதக் காலாட்படைப் பெட்டி ஒன்றையும் கலந்து, ஓர் உருவத்தின் உடலில் வேறொன்றின் தலையையும் கைகளையும் பொருத்தி, இடைவெளிகளைக் கிரீன் ஸ்டஃப் என்ற, பிசைந்து வடிக்கும் புட்டி கொண்டு அடைத்து, அதன் மேல் கடற்பாசி, சிப்பி, அறுந்த வலை ஆகியவற்றை நானே வடித்து வருகிறேன். மொத்தம் 30 ஈட்டி வீரர்கள். வரிசைக்கு ஐந்து பேராக ஆறு வரிசைகள். ஆட்டம் வார்ஹாமர்: தி ஓல்ட் வேர்ல்ட் என்ற மேசைப் போர் ஆட்டம் என்பதால் ஒவ்வொருவருக்கும் 25 மி.மீ. சதுர பேஸ் (உருவம் நிற்கும் அடித்தட்டு).

முழுப் படையிலும் இறங்கும் முன் ஆறு உருவங்களை மட்டும் தொடக்கம் முதல் இறுதிவரை முடித்துப் பார்த்தேன். அதில் மூன்று சிக்கல்கள் தெரிந்தன. முதலாவது, தோளிலிருந்தும் கையிலிருந்தும் தொங்கும்படி நான் வைத்த பாசி இழைகள், முழுவதும் இறுகிய பிறகும் விரல் பட்டால் அப்படியே பெயர்ந்து வருகின்றன. உடைவதில்லை, ஒட்டிய இடத்திலிருந்தே கழன்று விழுகின்றன. இரண்டாவது, வெளிறிய பச்சைத் தோல், பச்சைப் பாசி, களிம்பேறிய வெண்கலம் என்று கவனமாகப் பிரித்துப் பூசியும், கைக்கெட்டும் தொலைவில் மேசை மேல் வைத்துப் பார்த்தால் ஆறு பேரும் ஆறு பச்சைக் கட்டிகளாகவே தெரிகிறார்கள். உடல் எங்கே முடிகிறது, பாசி எங்கே தொடங்குகிறது என்று எனக்கே புலப்படவில்லை. மூன்றாவது, இவர்களை அடுக்கி நிறுத்தினால் பின்னால் நிற்பவரின் ஈட்டி முன்னால் நிற்பவரின் முதுகில் முட்டுகிறது.

வெள்ளைப் பிரைமர் (அடிப்பூச்சு) தெளித்து, நிறங்களைப் பூசி, கரும்பச்சை வாஷ் (பள்ளங்களில் தேங்கும் நீர்த்த வண்ணம்) கொடுத்து, கடைசியில் இளம்பச்சையால் டிரை பிரஷ் (ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் தேய்த்தல்) செய்து முடித்தேன். மீதமுள்ள 24 பேரைத் தொடங்குவதற்கு முன் எதைத் திருத்த வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் கூறினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஈயவார்ப்பு:

உங்கள் படையின் கரு மிகவும் பிடித்திருக்கிறது. முதல் சிக்கலைப் பற்றிச் சொல்வதற்கு முன் மூன்று விவரங்கள் தேவை. உருவங்கள் எல்லாம் பிளாஸ்டிக்தானா, ரெசின் கலந்திருக்கிறதா? புட்டி வைப்பதற்கு முன் கழுவினீர்களா? ஒரு முறை பிசைந்த புட்டியை எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறீர்கள்?

அலைக்கோட்டை:

உடல்கள் பிளாஸ்டிக், தலைகளில் பத்து மட்டும் 3டி அச்சில் எடுத்த ரெசின். இரண்டையும் கழுவவில்லை. நீலமும் மஞ்சளும் ஒட்டியபடி வரும் நாடாவைத்தான் வாங்குகிறேன். தேவையான அளவு வெட்டிப் பிசைந்து, அதே உருண்டையைக் கொண்டு ஓர் உருவத்திலிருந்து அடுத்ததற்குச் சென்றுகொண்டிருப்பேன். ஒன்றரை மணி நேரம் வரைகூட ஆகும்.

ஈயவார்ப்பு:

காரணம் அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் இருக்கிறது. கிரீன் ஸ்டஃப் இரு பகுதிகள் சேர்ந்து இறுகும் எபாக்சி. பிசைந்த முதல் அரை மணி நேரம் அது பசைபோல எதிலும் பற்றும். ஆனால் அப்போது கருவியால் கீறிய கோடு மெல்ல மெல்லத் தளர்ந்து மூடிக்கொள்ளும். ஒரு மணி நேரத்தை நெருங்கும்போது கோடு கூர்மையாக நிற்கும். ஆனால் அதற்குள் பற்றும் தன்மை பெரும்பாலும் போய்விட்டிருக்கும். நீங்கள் வடிவம் நன்றாக வரும் வேளையில்தான் இழைகளை உடலில் வைத்திருக்கிறீர்கள். பார்வைக்கு ஒட்டியதுபோல இருந்திருக்கும். உண்மையில் அது பிளாஸ்டிக்கின் மேல் சாய்ந்து கொண்டுதான் இறுகியிருக்கிறது.

ஆகவே ஒட்டுவதையும் வடிப்பதையும் இரு வேலைகளாகப் பிரித்துவிடுங்கள். பிசைந்தவுடன், இழை வரவேண்டிய இடத்தில் மிக மெல்லிய புட்டிப் படலம் ஒன்றை அழுத்தித் தேய்த்துவிடுங்கள்; அது பளபளப்பான பிளாஸ்டிக்கைப் பற்றிக்கொள்ளும். மீதியை இருபது முப்பது நிமிடம் ஆறவிட்டு, பிறகு அதிலிருந்து இழையை உருட்டி அந்தப் படலத்தின் மேல் வையுங்கள். புட்டி புட்டியோடு சேரும்போது உதிர்வதில்லை. தோளிலிருந்து காற்றில் தொங்கவேண்டிய நீண்ட இழைகளுக்கு வேறு வழி நல்லது. தண்ணீரில் நனைத்த வழவழப்பான பிளாஸ்டிக் தாளின் மேல் புட்டியை மெல்லிய தகடாகப் பரப்பி, ஒரு மணி நேரத்திற்கும் சற்று அதிகமாக விட்டால், அது வளையும் ஆனால் அமுங்காது என்ற நிலைக்கு வரும். அப்போது கத்தியால் நீள்பட்டைகளாக வெட்டி, முறுக்கி, சூப்பர் க்ளூ கொண்டு உடலில் பொருத்தலாம். ஒவ்வோர் இழையின் கீழ்முனையும் தொடையையோ ஈட்டிக் கம்பையோ பேஸையோ எங்காவது தொட்டு முடியட்டும். இரு முனைகளும் பிடிமானம் பெற்ற இழை, ஆட்டத்தின்போது நூறு முறை கைபட்டாலும் தாங்கும்.

நாடாவாக வாங்குவதால் மற்றொரு சிக்கலும் உண்டு. நீலமும் மஞ்சளும் தொட்டுக்கொண்டிருக்கும் நடுக்கோடு, உறையிலிருக்கும்போதே மெல்ல இறுகத் தொடங்கிவிடும். அந்தக் கோட்டை ஒன்றிரண்டு மி.மீ. அகலத்திற்கு வெட்டி எறிந்துவிட்டுப் பிறகு பிசையுங்கள். இல்லையென்றால் மணல்போன்ற கட்டிகள் உள்ளே கிடந்து, மெல்லிய தகட்டைக் கிழிக்கும். பாசிக்கு மஞ்சளைச் சற்றுக் கூடுதலாகச் சேர்த்தால், இறுகிய பிறகும் கொஞ்சம் நெகிழ்வாக இருக்கும். சிப்பிகளுக்கு இதற்கு நேர்மாறான தன்மை வேண்டும். கிரீன் ஸ்டஃப்போடு மில்லிபுட் என்ற, கெட்டியாக இறுகும் புட்டியைச் சரிபாதி கலந்து சிறு உருண்டைகளாக வைத்து, கூரான குச்சியால் நடுவில் குத்தி விளிம்பை மேலே இழுத்தால், கப்பலின் அடியில் ஒட்டிக் கிடக்கும் கொட்டலசுகள் அப்படியே வந்துவிடும். இறுகிய பின் அரத்தால் தேய்க்கவும் முடியும். கருவி புட்டியில் ஒட்டாமலிருக்கத் தண்ணீரே போதும். வாசலின் தொட்டு வேலை செய்கிறவர்களும் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் பிரைமருக்கு முன் சோப்பு நீரில் நன்றாகக் கழுவியே ஆகவேண்டும், மறந்தால் வண்ணம் தோலுரிந்து வரும்.

கழுவுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெதுவெதுப்பான நீர், பாத்திரம் கழுவும் சோப்பு, பழைய பல்துலக்கி ஆகியவை போதும். பிளாஸ்டிக்கில் பெரும்பாலும் விரல் எண்ணெய்தான் இருக்கும். அச்சில் எடுத்த ரெசின் தலைகள் பிசுபிசுப்பாக இருந்தால் அவை முழுமையாகக் கெட்டிப்படவில்லை என்று பொருள். அவற்றைக் கையுறை அணிந்து ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் மீண்டும் கழுவி, உலரவிட்டு, புற ஊதா ஒளியில் வைத்த பிறகே தொடவேண்டும். அவற்றைத் தேய்க்கும்போது ஈரமாகத் தேயுங்கள், முகக்கவசம் அணியுங்கள். ரெசின் தூள் நுரையீரலுக்குள் போகக்கூடாத பொருள்.

இந்தத் தலைகளைப் பொருத்தப் பிளாஸ்டிக் சிமென்ட் பயன்படாது. அது பாலிஸ்டைரீனின் இரு பரப்புகளையும் கரைத்து ஒன்றாக்குவது. ரெசினையும் உலோகத்தையும் இறுகிய புட்டியையும் அதனால் கரைக்க முடியாது. சூப்பர் க்ளூதான் வேண்டும். கழுத்தில் கைத்துளைப்பானால் துளையிட்டு அரை மி.மீ. பித்தளைக் கம்பித் துண்டு ஒன்றை உள்ளே விட்டு ஒட்டினால் பிற்பாடு தலை உருளாது.

நிழல்மை:

நிறங்கள் கலங்குவதைப் பற்றி எழுதுகிறேன். உங்கள் ஆறு உருவங்களையும் வரிசையாக நிறுத்திக் கைப்பேசியில் படமெடுத்து, அந்தப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். தோல், பாசி, வெண்கலம் மூன்றும் ஒரே சாம்பல் நிறத்தில் தெரியும் என்று நினைக்கிறேன். தொலைவிலிருந்து பார்க்கும்போது கண் முதலில் பிரித்தறிவது வெளிச்சத்தையும் இருளையும்தான். பச்சையா நீலமா என்பது அதற்குப் பிறகே வரும். வெளிச்ச அளவு ஒன்றாக இருக்கும்வரை, மூன்று பச்சைகளுக்குப் பதில் மூன்று வேறு நிறங்களைப் பூசினாலும் இதே கலக்கம்தான் வரும்.

இதற்கு உங்கள் பூச்சு வரிசையே பெருங்காரணம். டிரை பிரஷ் எப்போதும் மேடான இடங்களையே பிடிக்கும். உங்கள் உருவங்களில் எது மிக மேடாக இருக்கிறது? உடலுக்கு மேல் நீங்கள் வைத்த பாசிதான். கடைசியில் இளம்பச்சையால் மொத்தமாகத் தேய்த்தபோது, பின்வாங்கி இருண்டிருக்க வேண்டிய பாசி எல்லாவற்றையும் விட வெளுத்துவிட்டது. முன்னால் வரவேண்டிய முகம் அதற்கடியில் மறைந்துவிட்டது.

நான் செய்வதாக இருந்தால் இப்படிச் செய்வேன். முதலில் உருவம் முழுவதும் கறுப்புப் பிரைமர். அது உலர்ந்தபின், நாற்பத்தைந்து பாகை கோணத்தில் மேலிருந்து சாம்பல் நிறம். பிறகு நேர் உச்சியிலிருந்து மிகக் கொஞ்சமாக வெள்ளை. வெளிச்சம் எங்கே விழவேண்டும் என்பதை இந்த மூன்று தெளிப்புகளே காட்டிவிடும். புட்டியின் பச்சையும் பிளாஸ்டிக்கின் சாம்பலும் மறைந்து எல்லாம் ஒரே பரப்பாகும்போது, இணைப்புகளில் விட்டுப்போன பிளவுகளும் உங்கள் கண்ணில் படும். அப்போது நிறுத்தி அவற்றை அடைத்துவிடுவது நல்லது. தெளிப்பானை இருபது முதல் முப்பது செ.மீ. தொலைவில் பிடித்துச் சிறுசிறு வீச்சுகளாகத் தெளியுங்கள். காற்றில் ஈரம் மிகுந்த நாளில் தெளித்தால் மேற்பரப்பு மங்கிவிடும். கடும் வெப்பத்தில் வண்ணம் வழியிலேயே உலர்ந்து சொரசொரப்பாகப் படியும்.

அடுத்து, தோலை மட்டும் முடியுங்கள். அதை ஏறக்குறைய தந்த நிறத்திற்கு, நீலச்சாம்பல் நிழல்களோடு கொண்டுபோங்கள். கேம்ஸ் வொர்க்ஷாப் நிறுவனம் சிடாடெல் என்ற பெயரில் 2019இல் கொண்டுவந்த கான்ட்ராஸ்ட் வண்ணங்கள் போன்றவை இதற்கு மிகப் பொருத்தமானவை. வெளிர் பிரைமரின் மேல் ஒரே பூச்சில் பள்ளத்தில் அடர்ந்தும் மேட்டில் மெலிந்தும் நிற்கும். ஓரிடத்தில் தேங்கினால் உலரும் முன் ஈரத்தூரிகையால் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். கேடயம் போன்ற தட்டையான பரப்புகளில் மட்டும் அவற்றைத் தவிர்த்துவிடுங்கள், திட்டுத்திட்டாக நின்றுவிடும். கண்குழியிலும் உதட்டோரத்திலும் நீர்த்த ஊதா ஒரு துளி. தோலுக்கு டிரை பிரஷ் வேண்டுமென்றால் இந்தக் கட்டத்திலேயே செய்துகொள்ளுங்கள்.

அதன் பிறகுதான் பாசி. கறுப்போடு பழுப்பும் கரும்பச்சையும் கலந்த, மிக இருண்ட நிறம். அதன் மேல் மீண்டும் டிரை பிரஷ் கூடாது. மேல் விளிம்புகளில் மட்டும் ஒரு மெல்லிய கோடு. வெண்கலம் இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கட்டும். அதன் இடுக்குகளில் மட்டும் நீர்த்த நீலப்பச்சை களிம்பாக ஓடட்டும். இப்போது கறுப்பு வெள்ளைப் படத்தில் மூன்று தனித்தனிப் படிகள் தெரியும்.

கடைசியாக ஒரு சூடான நிறம் வேண்டும், அது துரு. நிறச்சக்கரத்தில் நீலப்பச்சைக்கு எதிரே சிவப்பு கலந்த ஆரஞ்சு இருப்பதால், மிகக் குறைவாக வைத்தாலும் தொலைவிலிருந்து கண்ணை இழுக்கும். பஞ்சுத் துண்டால் முதலில் கரும்பழுப்பும் அதனுள் சிறிது ஆரஞ்சும் ஒற்றி எடுங்கள். ஈட்டி முனை, தலைக்கவசத்தின் ஆணிகள் ஆகிய இரண்டு இடங்களோடு நிறுத்திக்கொண்டு, அதே இரண்டு இடங்களில் முப்பது பேருக்கும் வையுங்கள். முப்பது வெவ்வேறு உடல்களை ஒரே படையாகக் கட்டுவது இப்படித் திரும்பத் திரும்ப வரும் ஒரு குறிதான்.

கரையேறி வருகிறார்கள் என்கிறீர்கள், ஆகவே ஈரம் தெரியவேண்டும். நனைந்த துணி உலர்ந்த துணியை விட இருண்டிருக்கும். எனவே முழங்காலுக்குக் கீழே ஒரு கரும்பழுப்பு வாஷ் கூடுதலாகக் கொடுங்கள். முழு உருவத்திற்கும் மினுக்கம் இல்லாத மேட் வார்னிஷ் அடித்து உலரவிட்ட பிறகு, பாசி, கண்குழி, காலடிச் சேறு ஆகியவற்றுக்கு மட்டும் சிறு தூரிகையால் பளபளக்கும் கிளாஸ் வார்னிஷ் தடவுங்கள். சுற்றிலும் மங்கலாக இருக்கும்போதுதான் அந்த மினுக்கம் நீராகத் தெரியும்.

வரிசைத்தலைவர்:

மேலே இருவரும் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் எத்தனை உருவங்களில் இந்த உழைப்பைச் செலுத்துவது என்பதில் என் கருத்து வேறு. ஐந்துக்கு ஆறு என்று நிற்கும் அணியில் வெளிவிளிம்பில் நிற்பவர்கள் 18 பேர். நடுவில் அடைபட்டு நிற்கும் 12 பேரின் தலையும் தோளும் ஈட்டியும் மட்டுமே ஆட்டம் முழுவதும் தெரியும்; அவர்களின் இடுப்பில் நீங்கள் வடித்த வலையை நீங்கள்கூடப் பார்க்கப்போவதில்லை. இழப்பு ஏற்படும்போது பின்வரிசையிலிருந்துதான் உருவங்கள் எடுக்கப்படும். முன்வரிசை ஐவரும் கடைசிவரை நிற்பார்கள், எதிரில் அமர்ந்திருப்பவரும் அவர்களையே பார்த்துக்கொண்டிருப்பார். ஆகையால் தலைவன், கொடிவீரன், முரசறைவோன் உட்பட அந்த ஐவருக்கு உங்கள் நேரத்தில் பாதியைக் கொடுங்கள். பக்கவாட்டில் நிற்பவர்களுக்கு வெளிப்புறத் தோளில் ஒரு இழை, காலில் சில சிப்பிகள். நடுவில் நிற்பவர்களுக்குத் தலைமாற்றமும் ஒரு பாசி முடிச்சும் போதும். இதை வேலையைத் தட்டிக் கழிக்கும் வழியாகச் சொல்லவில்லை. முப்பது பேரும் ஒரே அளவு அலங்காரத்தோடு நின்றால் கண் எங்கே தங்குவது என்று தெரியாமல் அலைபாயும். எளியவர்கள் சூழ்ந்திருக்கும்போதுதான் தலைவன் தலைவனாகத் தெரிவான்.

ஈட்டி முட்டுவதற்குத் தீர்வு, தனித்தனியாகக் கட்டுவதை நிறுத்திவிட்டு அணியாகவே கட்டுவது. முப்பது பேஸ்களையும் அடுக்கி வைத்து, நிரந்தரமாக ஒட்டாமல் பிடித்துவைக்கும் பசைக்களிமண்ணான ப்ளூடாக் கொண்டு உடல்களையும் கைகளையும் தற்காலிகமாக நிறுத்துங்கள். முன்வரிசையின் ஈட்டிகள் முன்னோக்கிச் சாயலாம். இரண்டாம் வரிசை முதல் எல்லாம் செங்குத்தாகவோ தோளில் சாய்ந்தோ இருக்கவேண்டும். பெட்டியில் வரும் கை முன்னோக்கி நீண்டிருந்தால், மணிக்கட்டில் அறுத்து, கையைத் திருப்பி ஒட்டிவிட்டு, வெட்டைப் பாசியால் மறைத்துவிடலாம். உங்கள் கருவுக்கு இது எவ்வளவு வசதி என்று பாருங்கள். எல்லாம் பொருந்திய பிறகு ஒவ்வொரு பேஸின் அடியிலும் வரிசை எண்ணையும் இட எண்ணையும் எழுதிவிட்டு ஒட்டத் தொடங்குங்கள். வார்ஹாமரின் முந்தைய பதிப்புகளில் 20 மி.மீ. பேஸில் இதே வேலையைச் செய்தவன் நான். இப்போதைய 25 மி.மீ. ஒவ்வொருவரைச் சுற்றியும் கொடுக்கும் இடம் சிறிதல்ல; ஆனால் அந்த இடத்தைப் பக்கவாட்டில் நீட்டும் பாசியால் நிரப்பிவிடாதீர்கள். இழைகள் மேலிருந்து கீழாகவே ஓடட்டும். நீரிலிருந்து எழுந்து வருகிறவர்களின் மேல் எதுவும் கீழ்நோக்கித்தானே வடியும்.

ஆயுதத்தை மட்டும் பாசியால் மூடவேண்டாம். இவர்கள் ஈட்டி வீரர்கள் என்பது எதிராளிக்குக் கேட்காமலே தெரியவேண்டும்.

ஈயவார்ப்பு:

வரிசைத்தலைவரின் கணக்கு சரியானது. ஒன்றைச் சேர்க்கிறேன்: பின்வரிசையிலிருந்து உருவங்களை எடுக்க எடுக்க, நடுவில் இருந்தவர்கள் ஒவ்வொரு வரிசையாகக் கடைசி வரிசைக்கு வருவார்கள். ஆகவே அந்தப் பன்னிருவரின் முதுகையும் வெறுமையாக விடாமல், குறைந்தது ஒரு கந்தல் மேலாடையாவது கொடுத்துவிடுங்கள். மெல்லிய காகிதக் கைக்குட்டையை நீர் கலந்த பிவிஏ பசையில் நனைத்து முதுகில் படியவிட்டால், ஓர் இரவில் மடிப்புகளோடு இறுகிவிடும். புட்டி செலவாகாது, நேரமும் அதிகம் ஆகாது.

அலைக்கோட்டை:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன். பழைய ஆறு பேரையும் 99 விழுக்காடு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்து வண்ணத்தை உரித்தேன். ரெசின் தலை பொருத்திய இருவரை மட்டும் நீண்ட நேரம் ஊறவிடாமல் சிறிது சிறிதாகத் துலக்கினேன். உதிராமல் எஞ்சியிருந்த இழைகளில் பாதி அந்தத் துலக்கலிலேயே கையோடு வந்துவிட்டது. அடிப்படலத்தின் தேவை அப்போதுதான் எனக்கு முழுமையாக விளங்கியது. புதிதாக வைத்தவற்றை இரண்டு நாள் கழித்து இடுக்கியால் பிடித்து இழுத்துப் பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை.

நிழல்மை சொன்ன கறுப்பு வெள்ளைப் படத்தை இப்போது ஒவ்வொரு கட்டத்திலும் எடுக்கிறேன். முதல் படத்தில் ஆறு பேரும் ஒரே சாம்பல் திட்டாக இருந்தார்கள். தோலைத் தந்த நிறத்திற்கு உயர்த்திப் பாசியை இருட்டாக்கிய பிறகு எடுத்த படத்தில், ஆறு முகங்களும் இருண்ட நீருக்கு மேலே மிதப்பதுபோலத் தெரிந்தன. இரண்டு ஆண்டுகளாக என் மனத்தில் இருந்த காட்சி அதுதான். துருவை மார்புக்கவசத்திலும் வைக்கவேண்டும் என்று கை துடித்தது. இரண்டு இடங்களோடு நிறுத்திவிட்டேன்.

முப்பது பேஸ்களையும் அடுக்கி ப்ளூடாக் கொண்டு உடல்களை நிறுத்தியிருக்கிறேன். ஒன்பது கைகளை மணிக்கட்டில் அறுக்க வேண்டியிருக்கிறது, அதில் நான்கு முடிந்தன. முதல் பத்துப் பேருக்கான பிரைமரை, மழை விட்டுக் காற்று உலர்ந்த நாளாகப் பார்த்துத் தெளிக்கலாம் என்று காத்திருக்கிறேன்.